ரோலரில் சிங்கிள் ஸ்பீட் சைக்கிள்: எத்தனை பல் போடுவது?

ரோலர் என்பது சுழலும் டிரம்கள் (உருளைகள்) மேல் சைக்கிளை வைத்து நின்ற இடத்திலேயே ஓட்டும் பயிற்சிக் கருவி. ஒரே கியர் கொண்ட சிங்கிள் ஸ்பீட் சைக்கிளில், சாலையில் ஓட்டும் கியரை அப்படியே ரோலருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். சாலையில் வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ரோலரில் எதிர்காற்று கிடையாது. டிரம் மேல் டயர் அமுங்கி எழும் உராய்வுதான் முக்கியச் சுமை. வேகம் இரட்டித்தால் அதுவும் ஏறத்தாழ இரட்டிக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதலில் டிரம்மின் விட்டத்தைப் பாருங்கள். 4.5 அங்குல டிரம்மில் டயர் குறைவாக அமுங்கும், கால் லேசாகச் சுற்றும். 2.25 அங்குலத்தில் டயர் ஆழமாக மடங்குவதால் அதே கியர் கனக்கும். முன்னால், அதாவது பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தில், 48 பல் இருந்தால், பெரிய டிரம்முக்குப் பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில் 15, சின்னதுக்கு 18 என்று தொடங்கலாம்.

கணக்கு எளிது. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்குங்கள். 700×23 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 48/16 என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு 6.3 மீட்டர், நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 34 கி.மீ., 110 சுற்றில் 41.6 கி.மீ.

பலர் சறுக்குவது இங்கேதான்: 90 சுற்றில் சுகமாக இருக்கும் கியரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கியர் ஒன்றே ஒன்று என்பதால் சுமையைக் கூட்ட ஒரே வழி வேகமாக மிதிப்பது. ஆகவே உங்கள் கடினமான பயிற்சியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 10 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு 80, 90, 100, 110 சுற்றில் தலா 3 நிமிடம் ஓட்டுங்கள். 110-இலும் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் பின்னால் ஒரு பல் குறையுங்கள். 80-இலேயே மூச்சு வாங்கினால் ஒரு பல் கூட்டுங்கள். 110-இல் மூச்சு இருந்தும் இடுப்பு சீட்டில் துள்ளினால் பல்லை மாற்றாதீர்கள்; அது மிதிக்கும் சீர் பழகாததன் அடையாளம். ரோலருக்குப் புதியவர் மிக லேசான கியரைத் தவிர்ப்பது நல்லது. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் ஹேண்டில் அலையும்.

பின்னால் ஒரு பல் என்பது 16-க்கு அருகில் சுமார் 6 சதவீத மாற்றம். முன்னால் ஒரு பல் 2 சதவீதம்தான். நுணுக்கமாகத் தேட முன்பல், பெரிய தாவலுக்குப் பின்பல். அதற்கும் இடைப்பட்ட திருத்தத்துக்கு டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே சுமை கூடும்.

ஒரு பல் குறைத்தால் பின் அச்சு சுமார் 3 மி.மீ. பின்னுக்குப் போக வேண்டும். இரண்டு பல் வித்தியாசம் வரை செயினில் கண்ணி வெட்டாமலே பெரும்பாலும் சமாளிக்கலாம். மாற்றிய பிறகு செயின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். பெடலை முழுச் சுற்று சுற்றி, செயின் இறுகும் இடத்தில் அளவெடுங்கள். ஃபிக்ஸட் சக்கரத்தில் (பெடலும் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் வகை) பின் பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் எனும் வளையம் எதிர்மரை என்பதால் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

கடைசியாக முன் டிரம். பின் அச்சை நகர்த்தினால் முன் சக்கரம் விழும் இடமும் நகரும். முன் டிரம்மின் மையம் முன் அச்சுக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்படி திருத்திவிட்டு ஏறுங்கள். டிரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் சக்கரம் முன்பக்கமாக உருண்டு இறங்கிவிடும்.