முளைப்பாரி பாட்டு பாட வந்த அக்காவும் என்னோட ஆறுக்கு அஞ்சு ரூமும்

மதுரைல வீட்டு மாடில சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன், எட்டு வருசம் ஆச்சு. கல்யாண வீடியோவுக்கு பாட்டு, லோக்கல் கடை விளம்பரம், ஆடி மாசம் வந்தா அம்மன் பாட்டு, இதான் பொழப்பு. மொத தடவையா மைக் முன்னாடி நிக்கிறவங்க எத்தனையோ பேர பாத்தாச்சு, அதனால புதுசா பாட வர்றவங்கள பழக்கி எடுக்குறதுல நாம கில்லின்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. போன வருசம் உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வந்த ஒரு அக்கா அந்த நெனப்ப ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டாங்க.

அவங்க ஊரு இளவட்டங்க வசூல் பண்ணி, முளைப்பாரிக்கு பொம்பளைங்க பாடுற கும்மிப்பாட்ட மியூசிக் போட்டு ரெக்கார்ட் பண்ணித் தாங்கண்ணேன்னு வந்தாங்க. அக்காவுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், ஊர்ல ரொம்ப வருசமா முன்பாட்டு அவங்கதான், மத்தவங்கெல்லாம் பின்பாட்டு. நான் ஒரு பையன் போன்ல எடுத்த வீடியோவ கேட்டுட்டு, அவங்க வர்றதுக்கு முன்னாடியே பின்னணி இசை ட்ராக்க முடிச்சு வச்சுட்டேன். வேகம் 96 பிபிஎம் (நிமிசத்துக்கு 96 அடி), ஸ்ருதி அஞ்சரை கட்டை, பேஸ் எல்லாம் கும்முனு, ஒரு உருமிக்காரர கூப்பிட்டு வாசிக்கவும் வச்சாச்சு. இங்கதான் மொத தப்பு.

என் வாய்ஸ் பூத் ஆறுக்கு அஞ்சு அடி, சுத்தியும் ஃபோம். அக்கா உள்ள போனதும் "என்ன தம்பி, காத பொத்துன மாதிரி இருக்கு"ன்னாங்க. ஹெட்ஃபோன மாட்டி விட்டேன், கண்டென்சர் மைக்ல இருந்து ஒரு சாண் தள்ளி நிக்கச் சொன்னேன், கை கால ஆட்டாதீங்க சத்தம் விழும்னு சொன்னேன். வீடியோல நாலு தெரு தாண்டி கேக்குற தொண்டை அது, இங்க பூனைக்குட்டி மாதிரி வருது. அதுலயும் ஹெட்ஃபோன்ல தாளத்துக்கு ஓடுற டிக் டிக், அதான் கிளிக், அதுக்கு ஒவ்வொரு வரியும் முன்ன பின்ன போகுது, ஸ்ருதி கொஞ்சம் கொஞ்சமா இறங்கி ட்ராக்கோட ஒட்டாம நிக்குது. ஒரு மணி நேரத்துல இருவது டேக்குக்கு மேல ஓடிருச்சு. ஏசி வேற. குளிருதுன்னு சொல்லவும் கூச்சப்பட்டு முந்தானைய தோள்ல இழுத்து போத்திக்கிட்டு நின்னாங்க, அதையும் நான் லேட்டாத்தான் கவனிச்சேன்.

இதுல ஒரு விசயம் புதுசா பூத் வச்சிருக்க பசங்களுக்காக சொல்றேன். டேக் முடிஞ்சதும் நானும் எடிட் பண்ற தம்பியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேசிக்கிட்டு இருப்போம், பூத்துக்குள்ள பேசுறதுக்கு இருக்குற டாக்பேக் பட்டன அமுக்கலேன்னா உள்ள ஒண்ணும் கேக்காது. நாங்க பேசுனது மதியம் பரோட்டாவா சாப்பாடாங்கிறதப் பத்தி. அக்கா கடைசில சொன்னாங்க, "நீங்க அங்கிட்டு உக்காந்து வாயசைக்கிறதப் பாத்தா பொண்ணு பாக்க வந்தவுக வெளிய போயி குசுகுசுன்னு பேசுற மாதிரியே இருக்கு தம்பி". எனக்கு பக்குனு ஆயிருச்சு. இப்பல்லாம் டேக் முடிஞ்ச அடுத்த செகண்டே பட்டன அமுக்கி ஏதாவது ஒரு வார்த்தை பேசிருவேன், "இருங்கக்கா, கேட்டுட்டு சொல்றேன்"னாவது.

மதியம் சுக்கு காபி போட்டு குடுத்து, சும்மா வெளிய ஹால்ல உக்காந்து ஊர்ல எப்படி பாடுவீங்கன்னு கேட்டேன். எந்திரிச்சு நின்னு, சேலைய இடுப்புல சொருகி, கையத் தட்டிக்கிட்டு பாடுனாங்க பாருங்க... காலைல வந்த ஆளே இல்ல. அப்பத்தான் எனக்கு ஒவ்வொண்ணா உறைக்குது. இவங்களுக்கு தாளம் கையிலயும் கால்லயும் இருக்கு, நான் ரெண்டையும் ஆட்டக்கூடாதுன்னு கட்டிப் போட்டு, அதுக்குப் பதிலா காதுல டிக் டிக்குன்னு ஒரு சத்தத்த குடுத்திருக்கேன். பின்பாட்டுக்கு ஆள் இல்லாம தனியா பாடச் சொல்லிருக்கேன், ஒரு அடி பாடிட்டு அடுத்தவங்க வாங்கிப் பாடுறப்பதான் அவங்க மூச்சு எடுப்பாங்க, அந்த இடத்துல பூத்ல வெறும் அமைதி. ஹெட்ஃபோன்ல "என் குரலு எனக்கே பின்னாடி வருது தம்பி"ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க, நான் அது பழகிரும்கான்னு சொல்லிட்டேன். போய்ப் பாத்தா கம்ப்யூட்டர் சத்தத்த சேத்து வச்சு அனுப்புற அளவு, அதான் பஃபர், 512ல கெடக்கு; அது பெருசா இருந்தா சத்தம் லேட்டா வரும். எஃபெக்ட் ப்ளகின் நெறைய போட்டதால கூட்டி வச்சவன் மறந்துட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ்ல அதுவே ஒரு பக்கத்துக்கு பத்து மில்லிசெகண்டுக்கு மேல, போக வர ரெண்டு மடங்கு, அதுல தாளம் புடிச்சுப் பாடுறது ரொம்ப கஷ்டம். ட்ராக்க ஸ்டீரியோவா வெளிய எடுத்து புது செஷன்ல போட்டு பஃபர 64க்கு இறக்குனா தீந்துச்சு. அஞ்சு நிமிச வேலை.

ஸ்ருதிய செக் பண்ணுனேன். அவங்களா எடுக்குற இடம் நாலரை கட்டைக்கும் அஞ்சுக்கும் நடுவுல, நாலரைக்கு மேல கிட்டத்தட்ட 40 சென்ட் (பக்கத்து பக்கத்து கட்டைக்கு நடுவுல 100 சென்ட்). மூணு தடவ கேப் விட்டு பாடச் சொன்னேன், மூணு தடவையும் அதே இடத்துல வந்து நிக்கிறாங்க. இதுக்கு என்னத்த ஸ்ருதி சேரலேன்னு சொல்றது? பியானோ கட்டைல அந்த இடம் இல்ல, அவ்வளவுதான். நல்லவேளை உருமியத் தவிர எல்லாமே கீபோர்டுல போட்டது, அஞ்சரைல இருந்து நாலரைக்கு எறக்கி 40 சென்ட் ஏத்துனேன், ஜம்முனு உக்காந்துச்சு.

மறுநாள் பின்பாட்டுக்கு அவங்க மதினி, சித்தி மக, இன்னும் ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டியாரச் சொன்னேன். பூத்த பூட்டியாச்சு. ஹால்ல ஜமுக்காளம், போர்வை, அம்மாவோட பழைய மெத்தை வரைக்கும் செவுத்துல சாச்சு வச்சு, நடுவுல ஒரே மைக், அஞ்சு பேரும் சுத்தி நின்னு கும்மியே அடிக்கலாம்னு சொன்னேன். அக்கா மட்டும் மைக்குக்கு ஒரு எட்டு முன்னாடி. ஹெட்ஃபோன் யாருக்கும் கெடையாது, ஆரம்பிக்க ஸ்ருதிக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கர்ல கொஞ்சம் ஓட்டி நிப்பாட்டிருவேன். மே மாசம், ஏசியும் ஃபேனும் டேக் போறப்ப ஆஃப், வேர்வை ஊத்துது, நடுவுல சிலிண்டர்க்காரர் தட்டுற சத்தம் ஒரு தடவ, காக்கா ஒரு தடவ.

ஒரு தடவ பாடிப் பாத்துக்குங்க, அப்புறம் எடுப்போம்னு சொல்லிட்டு ரெக்கார்ட போட்டுட்டேன். முடிச்சுக் குடுத்த பாட்டுல முக்காவாசி அந்த டேக்தான். பொய் சொன்னதுக்கு அப்புறம் மன்னிப்பு கேட்டேன், சிரிச்சாங்க. ஆனா அந்த டேக்ல மொத குலவைய நான் மறந்தே போயிட்டேன். சரணம் முடிஞ்சதும் அஞ்சு பேரும் சேந்து போட்டாங்க பாருங்க, மீட்டர் பூரா செவப்பு, மொத்தமா க்ளிப் ஆயி கிழிஞ்சு போச்சு. கிழிஞ்சத ஒட்ட முடியாது. அதனால குலவைய மட்டும் தனியா, மைக் சத்தத்த ஏத்தி எறக்குற கெயின நல்லா குறைச்சு, முகத்த செவுத்துப் பக்கம் திருப்பச் சொல்லி எடுத்து சேத்தேன். இனிமே கும்மிப்பாட்டு யாரு எடுத்தாலும் மொதல்ல குலவைய போடச் சொல்லி லெவல் வச்சுட்டு பாட்டுக்கு போங்க.

ட்ராக்குக்கு அவங்கள ஒட்ட வைக்கிற வேலை போயி, அவங்களுக்கு ட்ராக்க ஒட்ட வைக்கிற வேலை வந்துச்சு. பாட்டு 94ல ஆரம்பிச்சு முடியிறப்ப 108ல நிக்குது, கும்மின்னா அப்படித்தான் சூடு ஏறும். கைத்தட்ட வச்சு அடிக்கு அடி வேகத்த குறிச்சு டெம்போ மேப் போட்டேன், ஒரு ராத்திரி முழுக்க. உருமிக்காரர திரும்ப கூப்பிட்டேன், அந்த சம்பளம் என் கைக்காசு. அவரு கேட்டுட்டு "இத மொதல்லயே குடுத்திருந்தா நான் ஒரே டேக்ல வாசிச்சிருப்பேனே"ன்னு சொன்னாரு. நானும் அசட்டுச் சிரிப்பு சிரிச்சு வச்சேன்.

எடிட் பண்ற தம்பி ஆர்வத்துல, ஸ்ருதிய தானா சரி பண்ற ஆட்டோட்யூன போட்டு காமிச்சான். அவங்க இழுத்து விடுற இடமெல்லாம் படி படியா வெட்டுன மாதிரி ஆயி, யாரோ சீரியல் டைட்டில் பாடுன மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டோம். நம்ம பரவை முனியம்மா 2003ல தூள் படத்துல பாடுனதக் கேளுங்க, அந்தக் குரல யாராவது இஸ்திரி போட்டிருந்தா நமக்கு ஞாபகம் இருந்திருக்குமா.

திருவிழாவுக்கு கூப்பிட்டாங்க, போனேன். வேப்ப மரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி நம்ம பாட்டு ஓடுது. குழாய்ல கீழ் சத்தம் எதுவும் வராதுல்ல, நான் மூணு நாள் உக்காந்து இழைச்ச பேஸ் சுத்தமா காணோம், குரலும் கைத்தட்டும் மட்டும் கணீர்னு போகுது. அக்கா முளைப்பாரிச் சட்டிய பக்கத்துல வச்சுக்கிட்டு நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. எப்படிக்கா இருக்குன்னு கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஏன் என் மதினி குலவை என்னயவிட சத்தமா கேக்குது? அதக் கொஞ்சம் கொறச்சுரு."

குறைச்சு பெண்டிரைவ்ல அனுப்பி வச்சேன்.