கரையேற்றிய படகு: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 9
மழை. மாமாவின் படகைக் கரையேற்றியிருக்கும் வர்சோவாவுக்குப் போகவில்லை.

ஜூலை 10
தார்ப்பாய்க்குள் புகுந்து பார்த்தேன். என்ஜினுக்குக் கடல்நீர் எடுக்கும் குழாய் ஃபைபரைத் துளைத்து வெளியேறும் இடத்தில்தான் கசிவு. பித்தளை வளையத்தைச் சுற்றி யாரோ சிலிக்கானை அப்பியிருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கானா! உரித்தாலும் அதன் படலம் எளிதில் போகாது. அதன்மேல் பெயின்டும் நிற்காது, கசிவை அடைக்கும் வேறு பசையும் (சீலன்ட்) நிற்காது. முழுக்கச் சுரண்டி, அப்புறம் எமரித் தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஜூலை 11
மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கண் திறந்ததும் கேட்டது படகைத்தான்.

ஜூலை 13
நாக்தேவி தெரு, மும்பையின் ஹார்டுவேர் கடைகள். கடைக்காரர் 5200 என்ற சீலன்டை எடுத்து வைத்தார். பாலியூரித்தேன், அசுரப் பிடி. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். வளையத்தைக் கழற்றும்போது ஃபைபரும் சேர்ந்து பெயரும். இந்த வளையத்தைக் கழற்றாமல் தீராது, உப்புத் தண்ணீர் பித்தளையைத் தின்றுவிடும். கன்மெட்டலில், அதாவது வெண்கலத்தில், மாற்றலாமா என்று மாமாவிடம் கேட்க வேண்டும். 5200-க்குப் பதில் பாலிசல்ஃபைடு சீலன்ட் வாங்கினேன். தண்ணீருக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும், நெகிழும், பிறகு கழற்றவும் விடும். கேபின் ஜன்னலுக்கு மட்டும் கூடவே கூடாது, அக்ரிலிக் விரிசல் விடும். சிலிக்கானுக்கு வேலை அங்கேதான்.

ஜூலை 16
இன்று மாமா தெளிவாகப் பேசினார். தூத்துக்குடியில் தாத்தா வள்ளத்துக்குக் கலப்பத்து பார்த்த கதை: பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவாராம். மூச்சு வாங்கியது. பேசாதீங்க மாமா என்றேன். "ஏல, காயாத இடத்துல எதை வச்சாலும் நிக்காது. அவசரப்படாத."

என் பயமும் அதுதான். காற்றின் ஈரம் பிரச்சினை இல்லை, இந்தப் பாலிசல்ஃபைடு டியூப் இறுகுவதே அந்த ஈரத்தால்தான். பூசும் இடம் நனைந்திருந்தால்தான் போச்சு. இறுக ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். மீன்பிடித் தடைக்காலமோ ஜூலை 31-ஓடு முடிகிறது. வெயில் எப்போது வரும்?

ஜூலை 17
மழை.

ஜூலை 18
மழை. டாக்டர் கூப்பிட்டார். அத்தையோடு போனேன்.

ஜூலை 20
வெயில்! அசிட்டோன் போட்டுத் துடைத்து, உலரவிட்டு, பூசிவிட்டேன். நட்டைக் கையால் மட்டும் முறுக்கியிருக்கிறேன். இப்போதே ஸ்பானர் போட்டால் சீலன்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே அடைக்க ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சம் இறுகட்டும். மேகம் கட்டுகிறது, தென்மேற்கு மூலையில் தார்ப்பாய்க்கு இன்னொரு கயிறு வேண்டும்.