நூறுக்குக் கீழே

வன்னியில், விசுவமடுவில் எங்கட வீட்டுக்கு ரீவி கேம் வந்தது 2003இல். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருசம். சித்தப்பா வவுனியாவில் வாங்கிவந்த மஞ்சள் கசற், உள்ளே மரியோ, ஓடிக் குழி தாண்டுகிற கேம். கரண்ட் இல்லாத ஊர். ஞாயிறுகளில் படம் போட ஜெனரேற்றர் ஓடும். படம் முடிந்தால் மிச்ச எண்ணெயில் எங்களுக்கு அரை மணித்தியாலம்.

ஜெனரேற்றர் பலா மரத்தடியில் கத்தும். அதற்கு மேலால் கேட்கவேண்டுமென்று ரீவிச் சத்தத்தை முழுக்கக் கூட்டிவிடுவோம். கோஜி கொண்டோ 1985இல் போட்ட மெட்டு. நேரம் 400இல் தொடங்கிக் குறையும். நூறைத் தொட்டதும் ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி, பிறகு அதே மெட்டு தலைதெறிக்க ஓடும். எனக்குப் பெருவிரல் வியர்த்துவிடும். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு தாண்டின குழியிலேயே போய் விழுவேன். "எண்ணெய் முடியப்போகுது, நிப்பாட்டுங்கோடா" என்று அம்மா வேறு.

பிறகு வளர்ந்து கணக்குப் பார்த்தால், அந்த நூறு என்பது ஏறக்குறைய 40 விநாடி. தாராளம். மரியோவும் வேகமாகவில்லை, எதிரிகளும் வேகமாகவில்லை, மெட்டு மட்டும்தான். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில் நாலே நாலு சுரம் திரும்பத் திரும்ப வரும், போகப்போக வேகம் கூடும். ஆனால் அங்கே எதிரிகளும் உண்மையாகவே வேகமாக வருவார்கள். மரியோ சொன்னது பச்சைப் பொய். நான் நம்பினேன், இப்பவும் நம்புகிறேன்.

நம்ப முடியாமல் போனது வேறொன்று. 2008இல் தலைக்கு மேல் சுற்றின வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். ஒரே சுருதி, விடாத இரைச்சல். பயமுறுத்தும் கேம்களில் அடியில் இழுத்துவிடுகிறார்களே ஒரு ஒற்றைச் சுருதி, அது தொடங்கினால் ஹெட்போனைக் கழற்றிவிடுவேன். 'ஏதோ வரப்போகுது' என்று மற்றவர்கள் திரையைப் பார்க்கிற இடத்தில் நான் அண்ணாந்து பார்ப்பேன். கூரைச் சீற்றுத்தான் தெரியும்.

அக்காவின் மகன் கிளிநொச்சியில் போனில் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். டானியல் ரோசன்ஃபெல்ட் போட்ட பியானோ கொஞ்சம் வரும், பிறகு நிமிசக் கணக்கில் ஒன்றுமிராது. போன் பழுதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் பாட்டுக்குக் கேமுக்குள் நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான். குகைக்குள் இறங்கினான். இருட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

"சத்தத்தக் குறையடா."

"குறைச்சா வெறும் கறுப்புப் பெட்டிதானே மாமா."

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவி முடியவில்லை, உள்ளேயிருந்து கூப்பிடுகிறான்:

"மாமா, வாங்கோ. மேல வந்திட்டன். பியானோ போகுது."