ஆற்று வயிற்றில் கூடாரம்

பள்ளியில் எனக்குக் கணக்குப் பாடம். அதோடு பதினாறு வருடம் சாரணர் பொறுப்பும் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை முப்பது பையன்களோடு கொள்ளிடக் கரையில் இரண்டு இரவு தங்குவோம். திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் போனால், திருமானூர் பாலத்துக்கு முன்னால் தென்கரைப் படுகை, அதாவது ஆற்று மணலுக்கும் உயர்ந்த கரைக்கும் இடையில் இருக்கிற நிலம். மூங்கில், புங்கன், நாணல், நடுவே நான்கைந்து பெரிய மருத மரங்கள். திருவிடைமருதூருக்குப் பெயர் கொடுத்த அதே மருது. அந்த வெளுத்த அடிமரத்தில் கன்னத்தை வைத்தால் வெயில் காலத்திலும் குளுகுளுவென்றிருக்கும்.

வருகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் ஆற்றில் கால் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாங்கள் ஆற்றில் நீச்சல் பழகினோம். இவர்கள் போர்செட் தண்ணீரில் வளர்ந்தவர்கள். அம்மாக்கள் ஆற்றுக்கு விடுவதில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீர் அடுத்த எட்டிலேயே ஆளை முழுங்கும் பள்ளமாகிவிடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆற்றைக் காட்டாமலே வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பள்ளத்தை யார் சொல்லித் தருவது? என்றைக்காவது கூட்டாளிகளோடு வீட்டுக்குத் தெரியாமல் போகத்தான் போகிறான். முகாமை நான் விடாமல் நடத்தியது இதற்காகத்தான்.

அப்படிப்பட்ட நானே மூன்றாம் வருடம் பெரிய தப்பு செய்தேன்.

ஆடி மாதம். ஆறு வறண்டு, மணல் மெத்தை மாதிரி கிடந்தது. படுகையில் முள்ளும் பூச்சியும் அதிகம் என்று கூடாரங்களை மணலிலேயே அடிக்கச் சொன்னேன். பொழுது சாயும் நேரம் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நின்று பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, ஆத்து வவுத்துல கொண்டாந்து புள்ளைங்கள படுக்க வைக்கிறீங்க?"

"தண்ணியே இல்லையே பெரியவரே."

"இங்க இல்ல. மேக்கால வந்துருச்சு. முக்கொம்புல கதவத் தொறந்துட்டாங்க. கல்லணைக்கிட்ட வந்துருச்சுன்னு எம் மருமவன் மத்தியானமே போன் பண்ணிட்டான்."

கொள்ளிடம் வெள்ளத்தைச் சுமக்கிற ஆறு. முக்கொம்பில் 1836-இல் கட்டிய மேலணையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பினால் உபரி நீரைப் பெரும்பாலும் இதில்தான் தள்ளுவார்கள். நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் குடகில் பெய்த மழை இங்கே வந்து நிற்கும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கூடாரம் அடிக்கும்போது நினைக்கவில்லை.

முளைகளைப் பிடுங்கி, இருட்டுவதற்குள் மருத மரத்தடிக்கு ஏறினோம். விடியற்காலையில் சலசலப்பு கேட்டது. நுரையும் சருகும் முன்னால் உருண்டு வர, செங்காவி நிறத்தில் தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. முதல் நாள் டீ போட்ட அடுப்புக் கற்கள் என் கண்ணெதிரே மறைந்தன. பையன்கள் யாரும் பேசவில்லை. என் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு பெரியவரைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முகாமே மாறியது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அணித்தலைவர்கள் பேப்பரைப் பார்த்து மேட்டூர் நீர்மட்டத்தையும், எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும் எழுதி வரவேண்டும். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். அதை வைத்துக் கணக்குப் போடுவோம். மேற்கே சொந்தக்காரர் இருக்கிற பையன் அவர்களுக்கு ஒரு போன் போடவேண்டும். முடிச்சுப் பயிற்சியில், காலியான ஐந்து லிட்டர் கேனில் கயிறு கட்டி வீசுவதைச் சேர்த்தேன். ஒருவன் மூழ்கினால் குதிக்காதே, கேனை வீசு. வெறும் கேன் காற்றில் தள்ளிப்போகிறது, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டால் நேராகப் போகிறது என்று ஓர் எட்டாம் வகுப்புப் பையன் எனக்குச் சொன்னான். அணைக்கரைப் பக்கம் முகாம் போடலாமே என்று சிலர் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டேன். அங்கே ஆற்றில் முதலை உண்டு.

2018 ஆகஸ்டில் முகாம் இல்லை. கொள்ளிடம் இரு கரையும் தொட்டுப் போனது. அந்த மாதம் 22-ஆம் தேதி மேலணையின் மதகுகளே உடைந்தன. அடுத்த வருடம் போனபோது மூங்கில் கொத்தில் பாதியைக் காணோம். மருதுகள் நின்றன. எங்கள் கூடாரத்து மரத்தில் இடுப்பு உயரத்துக்குச் சேறு காய்ந்து கோடு போட்டிருந்தது. மணல்தான் ஆபத்து, மரத்தடி பத்திரம் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

அணித்தலைவன் அந்தக் கோட்டில் கை வைத்து, அப்படியே திரும்பிக் கரையைப் பார்த்தான்.

"சார், கரை மேலயே போட்டுக்கலாமா? நெழலு கம்மிதான்."

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் கூடாரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்திருந்தார்கள்.