சுங்கை சிப்புட்டில் ஒரு முயல் கூண்டு

சென்ற பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து பேருந்து ஏறிச் சுங்கை சிப்புட்டில் உள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவர், தோட்டத்தில் செம்பனை வந்த பிறகு லயத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தவர். வீட்டின் பின்புறம், பழைய பலகைகளையும் கம்பி வலையையும் கொண்டு அவரே அடித்த கூண்டில் ஆறு முயல்கள் இருந்தன. காலை வெயில் பட்டதும் அவற்றின் காதுகளில் ஓடிய நரம்புகள் செக்கச்செவேலெனத் தெரிந்தன. பெரியப்பா நீட்டிய கங்குங் கீரைத் தண்டு நறுநறுவென்று குறுகியபடியே ஒரு முயலின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த இனம் தன் சொந்த மண்ணில் அழியும் நிலையில் இருக்கிறது என்று நான் சொன்னபோது பெரியப்பா நம்பவில்லை. இப்படிக் குட்டி போட்டுத் தள்ளும் பிராணிக்கா அழிவு என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டு முயல்கள் யாவும் ஐரோப்பிய முயலின் வழித்தோன்றல்கள். 1859இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட 24 முயல்கள் பெருகி, மேய்ச்சல் நிலங்களையே மொட்டையடித்தன. ஆனால் இவற்றின் பூர்வீகமான ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனதால், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2019இல் இவ்வினத்தை அருகிவரும் உயிரினமாக அறிவித்தது.

காரணம் பெரும்பாலும் நோய். 1952இல் பிரான்சில் மருத்துவர் ஒருவர், தம் நிலத்து முயல்களை ஒழிப்பதற்காகத் தென் அமெரிக்க முயல்களிடமிருந்து வந்த மிக்சோமா வைரசைப் பரப்பினார்; கொசுவும் தெள்ளுப்பூச்சியும் அதை ஐரோப்பா முழுவதும் கொண்டு சென்றன. பின்னர் 1980களில் இரத்தக்கசிவு நோய் வந்தது. 2010இல் பிரான்சில் தென்பட்ட அதன் புதிய வகை, முன்பு தப்பிய இளங்குட்டிகளையும் கொன்றது.

இதைக் கேட்டதும் பெரியப்பா பால்மரத்தை நினைத்துக்கொண்டார். அவருடைய கைக்குச் சோறு போட்ட அந்த மரத்தின் தாய்வீடு பிரேசில். அங்கே ஃபோர்டு நிறுவனம் 1928இல் தொடங்கிய பெருந்தோட்டம் இலைக்கருகல் நோயால் நொடித்துப்போக, இங்கே மலேசியாவில் அதே மரம் தலைமுறைகளைத் தாங்கி நின்றது. பிறந்த மண்ணில் நோயும் வந்த மண்ணில் வாழ்வுமாக இருப்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொன்னேன். கூண்டு முயல்களை ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ கொண்டுபோய் விட்டு அந்த இடத்தை நிரப்பிவிட முடியாது. ஸ்பெயினின் தென்மேற்கிலும் போர்ச்சுகலிலும் வாழும் முயல் தனியொரு துணையினம். நம் வீட்டு முயல்கள் மற்றொரு துணையினத்திலிருந்து வந்தவை. அந்தக் காட்டு முயலை நம்பியே ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை உயிர்வாழ்கிறது. அதன் உணவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முயல்தான். நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த அந்தப் பூனைகளைப் பல்லாண்டு உழைப்பால் மீட்டெடுத்து, 2024இல் அவற்றின் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்திருக்கிறார்கள். அவை நிலைப்பதற்கு முயல் வேண்டும் என்பதே எனக்குப் பெரிய கவலை.

தடுப்பூசி கிடையாதா என்று பெரியப்பா கேட்டார். கூண்டில் வளர்ப்பவற்றுக்கு உண்டு, புதருக்குள் வளை தோண்டி வாழ்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது பெரும்பாடு என்றேன். அவர் பதில் சொல்லாமல், மீதமிருந்த கங்குங் தண்டை இரண்டாக ஒடித்து, கூண்டின் மூலையில் பதுங்கியிருந்த குட்டியின் முன் போட்டார்.