நீலகிரியில் இடம் பிடித்துக் கைமாற்ற நினைக்கிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் இதைப் பாருங்கள்

கோவையிலோ ஈரோட்டிலோ பட்டாவும் பத்திரமும் சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நீலகிரியில் அப்படி இல்லை. இரண்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போகும். வாங்க வருபவர் வீடு கட்டலாமா என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் போட்டால் இடம் உங்கள் தலையிலேயே நின்றுவிடும்.

முதலில், புதிதாக வருபவர்கள் தொடவே கூடாத பகுதிகள். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ஜென்ம நிலங்கள், அதாவது ஜென்மிகள் எனப்பட்ட பழைய பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலங்கள், உண்டு. 1969ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களின் வழக்கு பல பத்தாண்டுகளாக இழுக்கிறது. அங்கே வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி "ரெண்டு தலைமுறையா அனுபவத்துல இருக்கு" என்று விற்பார்கள். அனுபவம் வேறு, உரிமை வேறு. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் பக்கம் யானை வழித்தடம். 2010இல் அரசு வெளியிட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்துவிட்டது. வழித்தடத்துக்குள் வரும் சர்வே எண்ணில் ரிசார்ட் கனவோடு யாராவது பேசினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கமும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதில் வரும் நிலத்தை மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்றால் அந்தக் கிரயமே செல்லாது. பார்வைக்கு அது காடு மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை. அதனால் சர்வே எண்ணைக் கொடுத்து வனத்துறையில் விசாரிப்பது ஒன்றே வழி. இரண்டாவது ஹாக்கா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990இல் வந்தது. மனை பிரிக்கவோ நிலப்பயன்பாட்டை மாற்றவோ அதன் அனுமதி வேண்டும். அதற்கு வனத்துறை, வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். நிலத்தில் நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டவும் அனுமதி தேவை. ஜேசிபி இறக்கவும் போர் போடவும் கட்டுப்பாடு இருக்கிறது. "வாங்கின கையோட சமன் பண்ணிக்கலாம்" என்று புரோக்கர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்பவர்கள் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். லே-அவுட் அனுமதி வாங்காமல், பத்து பேருக்கு "பிரிக்கப்படாத பாகம்" என்று எழுதிக் கொடுப்பது. பத்திரம் பதிவாகும். ஆனால் உங்கள் பாகம் எந்த மூலையில் என்று எந்த ஆவணமும் சொல்லாது. தனிப் பட்டா வராது, கட்டட வரைபட அனுமதியும் கிடைக்காது. இதைக் கைமாற்றி இன்னொருவர் தலையில் கட்டுவது பாவம்.

இனி ஆவணங்கள். மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் சர்வே எண்வாரி நிலப் பதிவேடு), புலப்படம் (அளவுகளோடு கூடிய சர்வே வரைபடம்) ஐந்தையும் ஒரே மேஜையில் விரித்துப் பாருங்கள். பதிவாகாத பாகப்பிரிவினையும் குடும்பத் தகராறும் வில்லங்கத்தில் வராது. அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவு மட்டுமல்ல, பக்கத்து எண்களையும் படியுங்கள். கீழ்ப்பக்கம் "ஓடை" என்று இருந்தால் எல்லையை அளந்து உறுதி செய்யாமல் நகரக் கூடாது.

பட்டாவைப் படிக்கும் விதத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். பரப்பு 0-08.10 என்று இருக்கும். பூஜ்யம் ஹெக்டேர், 8.10 ஏர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஆக 20 சென்ட். பத்திரத்தில் 22 சென்ட் என்று இருந்தால் மீதி 2 சென்ட் எங்கே? சாலையோர, ஓடையோரப் புறம்போக்கைச் சேர்த்து எழுதியிருக்கலாம். பட்டாப் பரப்பு, அளந்த பரப்பு, இரண்டில் எது குறைவோ அதற்கே விலை பேசுங்கள்.

அளப்பதிலும் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டேப்பைச் சரிவின் மேலேயே விரித்து அளந்தால் நீளம் கூடுதலாகத்தான் வரும். 30 டிகிரி சரிவில் டேப் 100 அடி காட்டினால், புலப்படக் கணக்கில் அது சுமார் 86 அடி ஏழு அங்குலம்தான். டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, குண்டுநூல் விட்டு, படிப்படியாக இறங்கி அளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லாத நிலத்துக்குப் பணம் கட்டுவீர்கள்.

ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களை ஒட்டிய நிலங்களில் கூட்டுப் பட்டா சகஜம். தாத்தா பெயர் அப்படியே நிற்கும். வாரிசுச் சான்று வாங்கி, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட ஒருவரையும் விடாமல் கணக்கெடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண்களின் பங்கை ஒதுக்கிவிட்டு யாரும் பேச முடியாது. ஒரு அக்காவின் கையெழுத்து விட்டுப்போனதால் கோர்ட்டுக்குப் போகும் கிரயங்கள் ஏராளம்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். தார்ச்சாலையிலிருந்து 60 அடி இறக்கத்தில், பக்கத்துத் தோட்டத்துக்குள் போகும் நடைபாதை மட்டும் உள்ள இடங்கள் இங்கே நிறைய. விற்பவர் "காலங்காலமா நடக்கிறோம்" என்பார். உண்மைதான். ஆனால் நடந்து போவதற்கு இருக்கும் உரிமையை வைத்து வண்டி ஓட்ட முடியாது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதையின் அகலம் அடிக்கணக்கில் இருக்கிறதா, அது வண்டிப்பாதையா, புலப்படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து உரிமையாளரிடம் பாதை உரிமைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்த பிறகே அட்வான்ஸ். பாதை இல்லாத இடத்தில் மணல், கல், கம்பி எல்லாம் தலைச்சுமைதான்.

இடத்தை மழையில் போய்ப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை அடிக்கும். அக்டோபர், நவம்பர் சரியான நேரம். கூடலூர்ப் பக்கத்துக்கு ஜூன், ஜூலை. 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு, வயிறு தள்ளிய கல்சுவர், அடிமரம் வளைந்து நிற்கும் மரங்கள், நடுச்சரிவில் திடீரென்று கசியும் ஊற்று: இதில் ஒன்று இருந்தாலே அந்த மண் நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இதெல்லாம் தேறினால் கணக்கு. 10 சென்ட், சென்ட் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், 40 லட்சம். உங்கள் பெயரில் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். சென்ட் நாலரை லட்சத்துக்கு விற்றால் மிச்சம் 5 லட்சம். அதில் பதிவுச் செலவு போக 1 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கருக்கு 2 சதவீதம், 90 ஆயிரம். வக்கீல், சர்வேயர் போக நிற்பது அரை லட்சத்துக்கும் குறைவு. இதனால்தான் பலரும் அக்ரிமெண்டிலேயே கைமாற்றப் பார்க்கிறார்கள்.

அதைச் செய்வதானால் ஒளிவுமறைவு இல்லாமல் செய்யுங்கள். "எனக்கோ நான் கைகாட்டும் நபருக்கோ கிரயம் செய்து தர வேண்டும்" என்ற வாசகம் அக்ரிமெண்டில் இருக்க வேண்டும். அதன் பொருளை உரிமையாளருக்கு வாயால் விளக்கிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பவர், அதாவது அதிகாரப் பத்திரம், வாங்கி அதையே கிரயம் மாதிரி விற்கும் பழக்கம் வேண்டாம். பவர் உரிமையை மாற்றாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்தது. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும்.

கெடுவை 90 நாளோடு நிறுத்தாதீர்கள். சர்வே, பாதை, தடையின்மைச் சான்று என்று அலைவதிலேயே அது கரைந்துவிடும். ஆறு மாதம் கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் கெடு முடிய 15 நாள் இருக்கும்போதே உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டு, இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். பதிவான ஒப்பந்தம் ரத்தாகாமல் வில்லங்கத்தில் நின்றால், அடுத்து வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். உரிமையாளரால் தன் சொந்த நிலத்தை எளிதில் விற்க முடியாது. ரத்து பதிவான பிறகு புதிய வில்லங்கச் சான்று எடுத்து, அதில் ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.