புவியியல் விருப்பப் பாடம்: ஒரே ஒரு நாட்டை வேர்வரை படியுங்கள்

குடிமைப் பணி இறுதிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. அதற்குப் புவியியல் மதிப்பெண்ணே காரணம். தமிழில் எழுதுபவர்களுக்குத் தரமான நூல்கள் இல்லை என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இருப்பதை வைத்தே எழுத முடியும்.

இயற்கைப் புவியியலுக்கு ஒரு நோட்டு, மானுடப் புவியியலுக்கு ஒரு நோட்டு என்று பிரிக்காதீர்கள். ஒரு நாட்டை எடுத்து, அதன் பாறையிலிருந்து அரசியல்வரை காரண காரியமாகத் தொடருங்கள். நான் எடுத்தது சிலி.

கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும், ஆண்டிஸ் மலைத்தொடர் ஈரக்காற்றைத் தடுப்பதால் உண்டாகும் மழை மறைவும் சேர்ந்து வடக்கிலுள்ள அட்டகாமா பாலைவனத்தை வறள வைத்தன. மழை இல்லாததால் நைட்ரேட் உப்பு கரைந்தோடாமல் நிலத்திலேயே தங்கியது. அந்த உப்புக்காக 1879இல் சிலிக்கும் அண்டை நாடுகளான பொலிவியா, பெரு ஆகியவற்றுக்கும் போர் மூண்டது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. 1904 உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. இன்றும் அந்த நாடு கடற்படை வைத்திருக்கிறது, மார்ச் 23ஐக் கடல் நாளாக அனுசரிக்கிறது. இழந்த கரை ஒரு மக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

சிலியும் நிம்மதியாக இருக்கவில்லை. 1913இல் ஜெர்மனியில், நைட்ரேட் உரத்துக்கு மாற்றாக அமைந்த செயற்கை அம்மோனியாவின் ஆலை தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் நைட்ரேட் ஊர்கள் வெறிச்சோடின. பிறகு அதே பாலைவனத்தின் செம்பு நாட்டைத் தாங்கியது. சூழல் நிர்ணயவாதத்தை (இயற்கைச் சூழலே மனித வாழ்வைத் தீர்மானிக்கிறது என்ற கோட்பாட்டை) விமர்சிக்கச் சொன்னால் இதையே எழுதுங்கள். நிலம் அதேதான், அதற்கு மதிப்பு வைத்தது தொழில்நுட்பமும் சந்தையும். கோட்பாட்டாளர்களின் பெயர்களை அடுக்குவதைவிட இது பத்து மடங்கு வலுவான விடை.

இதே நாடு வேறு எங்கெல்லாம் உதவும்:
- தட்டு எல்லை: கடலடி நாஸ்கா தட்டு தென்னமெரிக்கத் தட்டுக்கு அடியில் இறங்குவதால் ஆண்டிஸ், செம்புத் தாது, 1960 வால்டிவியா நிலநடுக்கம் (9.5).
- ஆழ்நீர் மேலெழுச்சி (சத்து நிறைந்த ஆழ்கடல் நீர் மேலே வருவது): நெத்திலி மீன்பிடிப்பு.
- மத்தியதரைக் காலநிலை: திராட்சை, வட அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் ஏற்றுமதி.
- வரைபடம்: சுமார் 4,300 கி.மீ. நீள ஒல்லிக் கீற்று. விடைத்தாள் ஓரத்தில் நொடியில் வரைந்துவிடலாம்.

பட்டியல்களை மனப்பாடம் செய்யும் திறன் எனக்கில்லை; காரணம் தெரிந்தால்தான் நினைவில் நிற்கும். உங்கள் நினைவாற்றல் நன்றாக இருந்தாலும் இம்முறையையே பரிந்துரைப்பேன்.

எகிப்தையும் நைலையும் எடுக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நெதர்லாந்து, வங்கதேசம், ஐஸ்லாந்து ஆகியவற்றில் ஒன்றை எடுத்து இன்றே ஒரு தாளில் தொடங்குங்கள்.